அட்டையில் இருந்த மகள்

முகாமில் அவளுக்குப் பெயர் ரேடியோ. வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்து ரேடியோ அக்கா என்பார்கள். யாராவது பேசினால் அதை வெளிநாட்டு மொழியில் அப்படியே திருப்பிச் சொல்வது அவள் வேலை. சொந்தமாக அவள் வாய் திறப்பது அபூர்வம்.

"ரேடியோவாச்சும் நடுநடுவுல மணி சொல்லும், மழை வருமா வராதான்னு சொல்லும். எங்க அண்ணி அதுகூடச் சொல்ல மாட்டாங்க" என்று அவளுடைய நாத்தனார் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

சண்டை ஊருக்குள் வருவதற்கு முன்னால் அவள் விமான டிக்கெட் விற்கும் அலுவலகம் ஒன்றில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் படித்த வெளிநாட்டு மொழி அங்கே பேசிப் பேசித் தேறியது. எந்த ஊருக்கு என்றைக்கு விமானம், ஜன்னலோரம் காலியா, குழந்தைக்கு அரை டிக்கெட்டா என்பதெல்லாம் அவளுக்கு நாக்கு நுனியில் இருந்தன. தான் மட்டும் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. பிறகு சண்டை வந்தது. அலுவலகம் இருந்த தெருவே இல்லாமல் போனது. புருஷன் எல்லை தாண்டி வேலை தேடிப் போனான். போய்ச் சேர்ந்ததும் ஆள் அனுப்புகிறேன் என்றான். ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. அவளும் மகளும் புருஷனின் தங்கையும் எஞ்சினார்கள்.

முகாம் என்பது ஒரு பழைய சிமெண்ட் கிடங்கு. தார்ப்பாய் கட்டிக் கட்டி அதை அறை அறையாகப் பிரித்திருந்தார்கள். எத்தனை முறை பெருக்கினாலும் தரையிலிருந்து சாம்பல் நிறத் தூள் கிளம்பும். தலைமுடியிலும் தட்டிலும் ஒட்டும். பக்கத்து அறையில் ஒருவர் புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் தார்ப்பாய் அசையும். முன்பு லாரிகளை எடை போட்ட அறைதான் இப்போது மருத்துவமனை.

அங்கே பெரிய மனிதர்கள் வருவார்கள். பல நாடுகளிலிருந்தும் வருவார்கள். ஒரு நாட்டின் முன்னாள் பிரதமர் வந்தார். பார்த்தவர்களை எல்லாம் நம்பிக்கை இருக்கிறதா என்று ஒரே கேள்வி கேட்டார். எல்லோரும் இருக்கிறது என்றார்கள். அவருக்குத் திருப்தி. கால்பந்து ஆட்டக்காரர் ஒருவர் வந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் வெயிலில் நின்று பிள்ளைகளோடு பந்து உதைத்துவிட்டுப் போனார். அவரைப் பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள். ஒரு பணக்காரர், மின்சாரமே இல்லாத முகாமுக்குப் பெட்டி பெட்டியாகக் கணினி கொண்டுவந்தார். ஒரு நடிகை, பேசியது மொழிபெயர்க்கப்படும் முன்பே அழுதாள். அழுகைக்கு மொழி தேவையில்லை என்று முகாம் மேலாளர் மெய்சிலிர்த்தார். "நமக்கு எதுக்குச் சம்பளம்னு கேட்டுடப் போறாரு" என்று ரேடியோ மனசுக்குள் நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த நடிகை போன பிறகுதான் எல்லோருக்கும் கம்பளி வந்தது. ஆகவே யாரையும் சும்மா சொல்லிவிட முடியாது.

மொழிபெயர்ப்பு வேலைக்கு ஒரு முறை உண்டு. "எனக்கு வீடு இல்லை" என்று ஒருத்தி சொன்னால், "இவளுக்கு வீடு இல்லையாம்" என்று திருப்பிச் சொல்லக் கூடாது. "எனக்கு வீடு இல்லை" என்றே சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, தன் விஷயம் எதுவும் கலக்கக் கூடாது. "உங்களை ஒரு ஜன்னல் கண்ணாடின்னு நினைச்சுக்குங்க" என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். அப்படியே பழகிப்போனது. என் மகனைக் காணோம், என் கை போய்விட்டது, என்னை மூன்று பேர் இழுத்துப் போனார்கள் என்று பகல் முழுக்கச் சொல்லிவிட்டு, மாலையில் தண்ணீர் பிடிக்க வரிசையில் போய் நிற்பாள்.

விருந்தாளிகளுக்கும் ஒரு முறை உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் மொழிபெயர்ப்பவளைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பேசுகிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் மரியாதை. எவ்வளவு நல்ல விருந்தாளியோ, அவ்வளவு குறைவாக ரேடியோ அவர்கள் கண்ணில் படுவாள்.

ஒன்பது வயதான அவள் மகளுக்கு இதயத்தில் ஓட்டை. ஓட்டை மட்டுமல்ல, நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியும் குறுகலாம். ஓடிக்கொண்டிருப்பவள் பாதியில் நின்று, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உடம்பே கண்டுபிடித்த வைத்தியம். உதடு நீலமாகி, மெல்ல மெல்ல நிறம் திரும்பும். மற்ற பிள்ளைகள் அதையும் ஒரு விளையாட்டாக்கி, அவள் உட்கார்ந்தால் எல்லோரும் கூடவே உட்கார்ந்துவிடுவார்கள்.

முகாம் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "இங்க செய்ய முடியாதும்மா. வெளிநாட்டுக்குப் போகணும். இந்தக் குளிர்காலம் தாண்டுறதே கஷ்டம்."

"அனுப்புங்க சார்."

"பணியாளர் குடும்பம் கடைசிதான். உனக்குத் தெரியாதா?"

தெரியும். முன்பு எங்கோ ஒரு முகாமில் பணியாளர்கள் தங்கள் சொந்தக்காரர்களையே விமானம் ஏற்றிவிட்டார்கள் என்று பெரிய ரகளையாகி, அதற்குப் பிறகு வந்த விதி அது. முகாமில் சம்பளம் வாங்குகிறவர் வீட்டுப் பிள்ளை, மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறகுதான். வேலையை விட்டாலும் முழுசாக ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். விருந்தாளிகளிடம் தனக்கென்று எதையாவது கேட்டால் வேலையும் போகும், முகாமில் இருந்த இடமும் போகும்.

"அப்படின்னா நான் அந்த மொழியைக் கத்துக்காமலே இருந்திருக்கலாம்" என்றாள் ரேடியோ.

டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரி அம்மா வரப்போகிறார் என்ற செய்தி வந்தது. குளிர் நாடு ஒன்றைச் சேர்ந்தவர். அவரே டாக்டர். பல நாடுகளில் குழந்தைகளுக்கென்று இதய ஆஸ்பத்திரி கட்டியவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் விமானமே திரும்பி நிற்கும் என்று மேலாளர் சொன்னார். போன தடவை பக்கத்து முகாமிலிருந்து ஒரு பிள்ளையைக் கையோடு கூட்டிப் போனார். ஆனால் இந்தத் தடவை மருத்துவமனைப் பக்கம் வரப்போவதில்லை. குடிநீர், கழிப்பறை வசதிகளைப் பார்க்க ஒரு குழு வருகிறது, அதோடு வருகிறார்.

"அண்ணி, இப்பக் கேக்கலைன்னா எப்பக் கேப்பீங்க?" என்றாள் நாத்தனார். அவள் பழைய கூடாரத் துணியில் பை தைத்து விற்பவள். ஊசியை வாயில் கவ்விக்கொண்டே பேசுவாள். "ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசறீங்க. உங்க பொண்ணுக்கு ஒரு வரி பேச மாட்டீங்களா?"

"வேலை போயிடும்."

"போகட்டும். வேலையா மூச்சு விடுது, இவதானே விடறா!"

மகள் இரண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். படுத்தால் இரைக்கும். அதனால் எப்போதும் இரண்டு. "அத்தை, ஊசியை முழுங்கிடப் போறீங்க" என்றாள்.

ரேடியோ முடிவு செய்துவிட்டாள். ஒரு வாக்கியம். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம்.

குழு வந்த அன்று குழாயடியில் தார்ப்பாய் நிழலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முகாம்வாசிகள் சார்பில் பேச வந்தவள் போலீஸ்காரம்மா. நிஜப் போலீஸ் இல்லை. தண்ணீர் வரிசையில் யாரும் முந்தாமல் பார்த்துக்கொள்கிறவள். அவள் ஒரு அதட்டல் போட்டால் வாளிகள் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும் என்பார்கள். அகலமான முகம், கரகரத்த குரல். தனியாள். முகாமுக்கு வந்த புதிதில் அவளுடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, யாரும் கேட்பதுமில்லை.

ஆஸ்பத்திரி அம்மா ஒல்லியான, நரைத்த மனுஷி. வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு போலீஸ்காரம்மாவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். ரேடியோவுக்கு ஒரு தலையசைப்பு. அதோடு சரி. எல்லாரிலும் நல்ல விருந்தாளி அவர்தான்.

"சொல்லும்மா ரேடியோ" என்று ஆரம்பித்தாள் போலீஸ்காரம்மா. "கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒண்ணுக்குமே கிடையாது. வயசுப் பொண்ணு உள்ள போனா வெளிய ஒருத்தி காவல் நிக்கணும். காவலுக்கு நின்னவ போகணும்னா அவளுக்கு யாரு நிக்கிறது? நான் வரிசைக்குக் காவல் நிப்பேனா, கக்கூஸுக்குக் காவல் நிப்பேனா? ஒரு கம்பியை வளைச்சு மாட்டினா முடிஞ்சு போற காரியம். இதுக்கு விமானம் ஏறி வந்து பாக்கணுமா?"

கடைசி வாக்கியம் உட்பட எல்லாவற்றையும் ரேடியோ சொன்னாள். ஆஸ்பத்திரி அம்மா சிரித்தார், பிறகு தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

இதுதான் நேரம். மேலாளர் இரண்டு அடி தள்ளி நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ வாய் திறந்தாள்.

"எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். இதயத்தில் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழி குறுகல். குளிர்காலம் தாண்டமாட்டாள் என்கிறார்கள்" என்று அந்த மொழியில் சொல்லி முடித்தாள்.

ஆஸ்பத்திரி அம்மாவின் முகம் மாறியது. ஆனால் அது ரேடியோவின் பக்கம் திரும்பவில்லை. அவர் இரண்டு கைகளையும் நீட்டி, போலீஸ்காரம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

நான் என்று சொன்னால் போதும், தன்னைத் திரும்பிப் பார்த்துவிடுவார்கள் என்று ரேடியோ நம்பியிருந்தாள். இத்தனை வருடம் அவள் சொன்ன எந்த நானுக்கும் யாரும் அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை என்பது அந்த நேரத்தில் எப்படியோ மறந்துபோனது. இல்லை அம்மா, இது நான், இவர் இல்லை என்று திருத்த அப்போதும் நேரம் இருந்தது. மேலாளர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார். அவள் திருத்தவில்லை.

"என்ன வயது?" என்று ஆஸ்பத்திரி அம்மா கேட்டார், போலீஸ்காரம்மாவிடம்.

ரேடியோ போலீஸ்காரம்மாவின் பக்கம் திரும்பினாள். "தாழ்ப்பாள் இல்லாத கக்கூஸ் எத்தனைன்னு கேக்கறாங்க அக்கா."

"ஒம்பது! ஒம்பதும் அப்படித்தான்!"

"ஒன்பது" என்றாள் ரேடியோ. முதலில் செய்தது தவறு. இது தவறு இல்லை, தெரிந்தே சொன்ன பொய்.

ஆஸ்பத்திரி அம்மாவின் கண் கலங்கிவிட்டது. தாழ்ப்பாளுக்கு இந்த அம்மா ஏன் இப்படி உருகுகிறார் என்று போலீஸ்காரம்மா திகைத்துப் போனாள். மரியாதைக்குத் தானும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள். "நல்ல மனசு" என்று ரேடியோவிடம் முணுமுணுத்தாள். ஆஸ்பத்திரி அம்மாவின் உதவியாளர், போலீஸ்காரம்மாவிடமிருந்து குடும்பத்தார் பெயர் எழுதிய முகாம் அட்டையை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் போலீஸ்காரம்மா.

"போட்டுத் தர்றேங்கறாங்க" என்றாள் ரேடியோ.

அடுத்த நாள் பிற்பகல் தார்ப்பாயை ஒரே இழுப்பில் விலக்கிக்கொண்டு போலீஸ்காரம்மா உள்ளே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நாத்தனார் தையலை நிறுத்தினாள்.

"ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்தான். என் பொண்ணுக்கு என்ன ரத்த வகைன்னு கேக்கறான். செத்த புள்ளைக்கு எதுக்குடி ரத்த வகை? நேத்து நீ என்ன சொன்னே அவங்ககிட்ட?"

ரேடியோ சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அது மட்டும் அவளுக்கு நன்றாக வரும்.

போலீஸ்காரம்மா தரையில் உட்கார்ந்தாள். பிறகு, "அட்டையில என் பொண்ணு பேரு இன்னும் இருக்கு" என்றாள். "போனதும் வெட்டியிருக்கணும். வெட்டலை. ஒரு ஆள் சோறு குறைஞ்சிடும்னு... சோறு மட்டும் இல்ல. வரிசையில நின்னா ரெண்டு பேருன்னு கூப்பிடுவாங்க. அந்த ரெண்டு காதுல விழறதுக்குத்தான். இப்ப இருந்தா அவளுக்கும் ஒம்பதுதான்."

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன் அக்கா."

"சொல்லு. சொன்னா என்ன ஆகும்?"

என்ன ஆகும் என்று ரேடியோ முந்தின நாளிலிருந்து நினைத்து நினைத்து மண்டை காய்ந்திருந்தாள். வேலை போகும். அது போகட்டும். மகள் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போவாள். விமானம் கிளம்பிவிடும். அதோடு, இதுவரை அவள் வாய்வழியாக வெளிநாட்டுக்காரர்களிடம் தங்கள் கதையைச் சொன்ன அத்தனை குடும்பங்களின் கதையும் சந்தேகத்துக்கு வரும். ஒருத்தி பேச்சை மாற்றியவள் மற்றவர் பேச்சை மாற்றியிருக்க மாட்டாள் என்று எப்படி நம்புவார்கள்? கை போனவன், மகனைத் தொலைத்தவள், எல்லோருடைய மனுவும் அவள் நாக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு" என்றாள் போலீஸ்காரம்மா. "உன் பொண்ணு என் பொண்ணா போகட்டும். நான் அம்மாவாப் போறேன்."

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "அட, நல்லா இருக்கே! கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் கேட்டவங்களுக்கு வெளிநாட்டுப் பயணம். உங்களுக்குப் போகணும்னு ஆசை, அதைச் சொல்லுங்க."

"ஆமா, ஆசைதான். இல்லேன்னு யார் சொன்னா? இந்தத் தூளைத் தின்னுகிட்டு இங்கேயே சாக எனக்கென்ன வேண்டுதலா?" போலீஸ்காரம்மா திரும்பி, தலையணைகளில் சாய்ந்திருந்தவளைப் பார்த்தாள். "ஆசை இருக்கிறவ பத்திரமாக் கூட்டிட்டுப் போக மாட்டாளா?"

மகள் கேட்டாள். "அம்மா வர முடியாதா?"

அட்டையில் ஒரு தாய், ஒரு மகள். இரண்டே பேர்.

டாக்டரிடம் ரேடியோ ஒருத்திதான் போனாள். அவர் கேட்டுவிட்டு நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "நான் குழந்தையைத்தான் பாக்கறேன். அட்டை பாக்கறது என் வேலை இல்ல" என்றார். பரிசோதனைத் தாள்களில் அட்டையில் இருந்த பெயரை எழுதித் தந்தார். எழுதும்போது அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பெயரைப் படித்ததும் ரேடியோ தாள்களை மடித்துக்கொண்டாள். இறந்த குழந்தையின் பெயரில் தன் குழந்தையை அறுவைக்கு அனுப்புகிறோமே என்ற நினைப்பை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடும் போல இருந்தது.

அலுவலகத்துக்கும் வாசல் காவலுக்கும் அட்டைதான் தெரியும், எந்தப் பிள்ளை யாருடையது என்று தெரியாது; தெரிந்த முகாம்வாசிகள் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் தார்ப்பாய் அறையில் ஒத்திகை நடந்தது.

"ஓடினா உட்காருவா. நீங்க தூக்கிடக் கூடாது. முழங்காலை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கணும், நிறம் திரும்பற வரைக்கும்."

"சரி."

"படுக்க ரெண்டு தலையணை."

"சரி."

"பின்னல் இறுக்கமாப் போட்டா அழுவா."

"நான் என்ன கயிறா திரிக்கப் போறேன்? நானும் ஒரு பொண்ணுக்குப் பின்னி விட்டவதான்" என்றாள் போலீஸ்காரம்மா, சீப்பைப் பிடுங்கிக்கொண்டு. பின்னி முடித்த பிறகும் அவள் அந்தச் சடையை விடாமல் பிடித்திருந்ததை நாத்தனார்தான் பார்த்தாள். அதிலிருந்து அவள் குத்திப் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரு நல்ல துணிப்பை தைத்து, வார் மட்டும் மூன்று மடிப்பு வைத்து, போலீஸ்காரம்மாவின் கையில் கொடுத்தாள்.

மகள் கெட்டிக்காரி. புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பப் பழகிக்கொண்டாள். போலீஸ்காரம்மாவை அம்மா என்று கூப்பிடவும் வந்துவிட்டது. சொந்தத் தாயை எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் தடுமாறினாள். மறந்து அம்மா என்றுவிடுவாள். "தப்பு, மறுபடி" என்பாள் ரேடியோ. மறுபடி சொல்வாள். ஒருமுறை ரேடியோவே மறந்து அம்மா என்ற கூப்பாட்டுக்கு "என்னடா கண்ணு" என்றுவிட்டாள். "இப்ப நீங்க தப்பு" என்றாள் மகள்.

கிளம்பும் நாள் காலையில் அலுவலக அறையில் விசாரணை வைத்தார்கள். ஆஸ்பத்திரி அம்மா ஊருக்குப் போய்விட்டிருந்தார். அவருடைய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்திருந்தாள். இளவயது, கண்ணில் தூக்கக் களைப்பு. மேஜைக்கு அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் போலீஸ்காரம்மா, மடியோடு ஒட்டிக் குழந்தை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில், வழக்கமான இடத்தில், ரேடியோ. வேறு மொழிபெயர்ப்பாளர் அந்த முகாமில் கிடையாது.

முதல் கேள்வி, பிறந்தபோது எப்படி இருந்தாள் என்பது.

ரேடியோ வாயெடுத்துவிட்டாள். பிறந்த எடை, அழாமல் கிடந்தது, மருத்துவச்சி காலைப் பிடித்துத் தூக்கித் தட்டியது எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. பெண் டாக்டர் பேனாவை நிறுத்தினாள். போலீஸ்காரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், முதல்முறையாக ரேடியோவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க இன்னும் பேசவே இல்லையே?"

எத்தனை வருடமாக யாராவது தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ரேடியோ காத்திருந்தாளோ, அந்தப் பார்வை வரக் கூடாத நேரத்தில் வந்தது. "முன்பே சொல்லியிருந்தார்கள். மன்னிக்க வேண்டும். அவர்களையே சொல்லச் சொல்கிறேன்" என்றாள்.

"என்ன?" என்றாள் போலீஸ்காரம்மா.

"நீங்க பேசலைங்கறாங்க அக்கா. பேசுங்க."

"என்ன பேச?"

"எதையாவது. நிறுத்தாதீங்க."

போலீஸ்காரம்மா மூச்சை இழுத்துக்கொண்டாள். குழந்தையின் தலையில் கையை வைத்தாள். பிறகு, தண்ணீர் வரிசையையே அடக்கும் அந்தக் குரலை அப்படியே தாழ்த்தி, ஒப்பாரி வைப்பதுபோல இழுத்து இழுத்துப் பேசினாள்.

"என்னத்தைச் சொல்ல நான்... கக்கூஸுக்கு இன்னும் தாழ்ப்பாள் வரலை... ஒம்பது கதவு, ஒரு கம்பிகூடப் போடலை... இந்தப் பொண்ணு வேற என்னையே பாக்கறா... மூணாவது குழாய்ல வாஷர் போயிடுச்சு, நான் போனா யார் பாப்பா..."

"பிறந்தபோது அழவில்லை. தட்டிய பிறகுதான் அழுதாள். பால் குடிக்கையில் பாதியில் களைத்து வியர்த்துவிடும்" என்றாள் ரேடியோ.

"முந்தறவ எவளா இருந்தாலும் வாளியைத் தூக்கி வெளிய வெச்சிடணும்... நீயும் கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசு ரேடியோ, குரல் உடையுது..."

"நடக்க ஆரம்பித்ததும் உட்கார ஆரம்பித்தாள். உதடு நீலமாகும். ஒருமுறை மயக்கம் வந்தது. அன்றைக்கு அவள் அப்பாதான் தூக்கிக்கொண்டு ஓடினார்."

இப்படியே போனது. ஒவ்வொரு கேள்விக்கும் போலீஸ்காரம்மா வாளி, குழாய், வரிசை, கதவு என்று உருக்கமாக எடுத்து விட்டாள். இடையில் ஓரிடத்தில் மட்டும் அவள் பேச்சு மாறியது. "இவ்வளவு கேள்வி என் பொண்ணுக்கு யாராவது கேட்டிருந்தா... காய்ச்சல் எத்தனை நாளான்னாவது கேட்டிருந்தா..." என்று சொல்லி, நிஜமாகவே அழுதாள். ரேடியோ தான் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு நின்றாள். அந்த அழுகையை மொழிபெயர்க்க அவளுக்கு உரிமை இல்லை. பெண் டாக்டர் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள். சந்தேகம் போய்விட்டது.

கையெழுத்து வாங்கினார்கள். குழந்தையின் மணிக்கட்டில் பட்டை கட்டினார்கள். அதில் அந்தப் பெயர்.

வெளியே வேன் உறுமிக்கொண்டிருந்தது. வேன் வரை நடப்பதற்குள் குழந்தை நின்று, குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். ரேடியோவின் கை தானாக நீண்டது. மறு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ்காரம்மா மண்ணில் மண்டியிட்டு, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள், சொல்லிக் கொடுத்தபடியே. நிறம் திரும்பும் வரை எல்லோரும் நின்றார்கள்.

பெண் டாக்டர் குனிந்து குழந்தையிடம் ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டு ரேடியோவுக்காகக் காத்திருந்தாள்.

"பயப்படாதே" என்றாள் ரேடியோ. "அம்மா உன்கூடவே வர்றாங்க."

குழந்தை அவளை ஏறிட்டுப் பார்த்தாள். உதட்டில் நீலம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

"சரி, ரேடியோ அக்கா" என்றாள்.

ஒரு தடுமாற்றமும் இல்லை. அத்தனை நாள் ஒத்திகையில் ஒருமுறைகூட அவ்வளவு சரியாக அவளுக்கு வந்ததில்லை.

வேன் போனது. அறுவை எப்போது, என்ன ஆயிற்று என்ற செய்தி முகாமுக்கு வராது. குடும்பத்துக்குத்தான் சொல்வார்கள். அட்டையின்படி அந்தக் குடும்பத்தில் இரண்டே பேர், இரண்டு பேரும் வேனுக்குள் இருந்தார்கள். போலீஸ்காரம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அங்கே யாரிடமாவது சொல்லி எழுத வைக்கலாம். அதையும் ஒரு மொழிபெயர்ப்பாளர்தான் கேட்டு எழுத வேண்டும். அவரிடம் அவள் உண்மையைச் சொல்ல முடியாது.

ரேடியோ அறைக்குத் திரும்பினாள். நாத்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பாயின் மேல் இரண்டாவது தலையணை கிடந்தது.

ஒன்றைப் பையில் திணித்தவர்கள் மற்றதை மறந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் பல தடவை சொல்லிக் கொடுத்தவள் அதை எடுத்து வைக்கவில்லை. ரேடியோ தலையணையை அள்ளிக்கொண்டு ஓடினாள். குழாயடி தாண்டி, ஒன்பது கதவுகளைத் தாண்டி, வாசல் வரை ஓடினாள். சாலையில் தூள் அடங்கிவிட்டிருந்தது.

"என்னக்கா, யாரோடது?" என்றான் காவல்காரன்.

மூச்சு வாங்கியது. அவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"போலீஸ்காரம்மா பொண்ணோடது" என்றாள்.

"அவங்க போற ஆஸ்பத்திரியில தலையணையா கிடைக்காது? விடுங்கக்கா" என்று சிரித்துவிட்டு, அவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.

அவள் எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து மேலாளர் ரேடியோ, ரேடியோ என்று கூப்பிட்டார். யாரோ பெரிய மனிதரிடமிருந்து தொலைபேசியாம்.